கேர்லிங் தகுதிகாண் போட்டி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலோ சுவிஸிலோ நோர்வேயிலோ ஒரு சொந்தக்காரராவது இல்லாத வீடு திருகோணமலையில் குறைவு. அங்கே குளிர்காலம் தொடங்கியதும் இங்கே கைப்பேசிக்கு வந்து சேரும் வீடியோக்களில் கேர்லிங்கும் ஒன்று. உவர்மலையில் கேட்டாலும் உப்புவெளியில் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட விதமாகவே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். ஆண்கள், பெண்கள் தேசிய அணிகள் ஆடும் தகுதிகாண் போட்டிதான் இந்தப் பக்கத்தின் மையம். ஆட்டமே புதிது என்பவர்கள் மேலிருந்து வாசிக்கவும். ஆட்டம் தெரிந்தவர்கள் நடுப்பகுதிக்கு நேரே போகலாம்.

இதென்ன விளையாட்டு? ஐஸில தும்புத்தடியால கூட்டுறாங்கள், கூட்டி என்ன செய்யிறது?

45.72 மீற்றர் நீளமும் ஐந்து மீற்றர் வரை அகலமும் உள்ள ஐஸ் தரை. அதன் ஒரு முனையிலிருந்து கருங்கல் ஒன்றை வழுக்கவிட்டு, மறுமுனையில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுப்புள்ளிக்கு அருகே நிறுத்த வேண்டும். வட்டத்தின் குறுக்களவு 3.66 மீற்றர், அதை ஹவுஸ் என்கிறார்கள். அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். இரு அணிகளும் மாறி மாறி 16 கற்களையும் விட்டு முடித்தால் ஒரு எண்ட். முழு ஆட்டம் 10 எண்ட்.

அது கூட்டுவது அல்ல, தேய்ப்பது. தேய்க்கும்போது ஐஸின் மேற்பரப்பு மிகச் சிறிதளவு சூடாகி உராய்வு குறைகிறது. கல் இன்னும் சில மீற்றர் ஓடும், வளைவும் குறையும். விட்ட கல் கையை விட்டுப் போய்விட்டது என்றாலும் அதன் தூரத்தையும் திசையையும் வழியிலேயே திருத்த முடிகிற விளையாட்டு இது. மறுமுனையில் நின்று கத்துபவர் ஸ்கிப், அதாவது தலைவர். எப்போது தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத்தான் அவர் கத்திச் சொல்கிறார்.

கல்லு எவ்வளவு பாரம்? தூக்கித்தான் எறியிறதோ?

பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டின் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதி அனுமதிப்பது 17.24 முதல் 19.96 கிலோ வரை. யாரும் தூக்குவதில்லை. றப்பர் மிதியில் காலை ஊன்றி உந்தி, ஒரு சப்பாத்தின் அடியில் இருக்கும் வழுவழுப்பான தகட்டில் சறுக்கிக்கொண்டே போய்க் கல்லை விடுகிறார்கள்.

ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டிகளிலும் பயன்படும் கற்கள் ஸ்கொட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள எய்ல்ஸா கிரெய்க் என்ற சிறு தீவின் கருங்கல்லில் செய்தவை. எந்தக் கருங்கல்லும் சரிவராது. நீரை உறிஞ்சும் கல்லுக்குள் அந்த நீர் உறைந்து விரியும்போது விளிம்பு பொரிந்து போகும். இந்தத் தீவுக் கல் நீரை அவ்வளவாக உள்ளே விடாது, மோதலையும் தாங்கும்.

நேரா விட்ட கல்லு ஏன் வளைஞ்சு போகுது?

விடும்போது கைப்பிடியை மெல்லத் திருப்பிவிடுகிறார்கள். வலஞ்சுழியாகச் சுற்றும் கல் வலப்பக்கம் வளையும், இடஞ்சுழியாகச் சுற்றுவது இடப்பக்கம் வளையும். மேசையில் ஒரு கிளாஸைக் கவிழ்த்துச் சுற்றிவிட்டால் வளைவது இதற்கு எதிர்ப்பக்கம், சோதித்துப் பாருங்கள். கல்லின் அடிப்பகுதி குழிவானது, ஐஸில் படுவது ஒரு மெல்லிய வளையம் மட்டுமே. அந்த வளையத்தின் சொரசொரப்பு ஐஸில் போடும் நுண்ணிய கீறல்கள்தான் கல்லைத் திருப்புகின்றன என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் விளக்கினார்கள். இயற்பியலாளர்கள் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை.

புள்ளி எப்பிடிக் குடுக்கிறாங்கள்? ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் விழுது!

ஆம், ஒரு எண்டில் ஒரு அணிக்கு மட்டும்தான் புள்ளி. 16 கல்லும் முடிந்த பிறகு நடுப்புள்ளிக்கு மிக அருகில் உள்ள கல் யாருடையதோ அவர்களுக்கே புள்ளி. எதிரணியின் மிக அருகிலுள்ள கல்லைவிட உள்ளே இருக்கும் அவர்களின் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. ஹவுஸைத் தொடாத கல் கணக்கில் இல்லை. ஹவுஸில் ஒரு கல்லும் இல்லாவிட்டால் எண்ட் வெறுமை, 0–0. அதை பிளாங்க் என்கிறார்கள்.

ஹெமர், ஹெமர் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறாங்கள். சுத்தியலோ?

ஒரு எண்டின் கடைசிக் கல்லை விடும் உரிமைக்குத்தான் ஹெமர் என்று பெயர். கேர்லிங்கின் முழு உத்தியும் இதைச் சுற்றித்தான் ஓடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹெமரை எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். எண்ட் வெறுமையாகப் போனால் வைத்திருந்தவரிடமே அது நிற்கும். (ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் சேர்ந்து ஆடும் கலப்பு இரட்டையரில் வேறு விதி: அங்கே வெறுமை எண்டுக்குப் பிறகு ஹெமர் மாறிவிடும்.)

ஆகவே ஹெமர் உள்ள அணி இரண்டு புள்ளி எடுக்கப் பார்க்கும். முடியாவிட்டால், ஒன்றை எடுப்பதைவிடக் கடைசிக் கல்லை வேண்டுமென்றே வெளியே போகவிட்டு எண்டை வெறுமையாக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை ‘பிழைச்சுப் போச்சு’ என்பார்கள். ஒரு உதாரணம்: ஒன்பதாவது எண்ட், 5–5, ஹெமர் நம்மிடம், கிடைக்கக்கூடியது ஒன்றே ஒன்று. எடுத்தால் 6–5, ஆனால் கடைசி எண்டில் ஹெமர் எதிரணிக்கு, அவர்கள் இரண்டு எடுத்தால் கதை முடிந்தது. எடுக்காமல் விட்டால் 5–5. பத்தாவது எண்டில் கடைசிக் கல் நம்முடையது, ஒரேயொரு புள்ளி போதும். பெரும்பாலான ஸ்கிப்புகள் இரண்டாவது வழியைத்தான் எடுப்பார்கள்.

ஹெமர் இல்லாத அணி புள்ளி எடுத்தால் அதற்கு ஸ்டீல் என்று பெயர். தகுதிகாண் ஆட்டம் ஒன்றின் போக்கு அநேகமாக ஒரு ஸ்டீலில்தான் திரும்பும்.

ஆட்டம் தொடங்க முன்னம் ரெண்டு கல்லை விட்டு லேசரால அளக்கிறாங்களே, அது புள்ளிக்கோ?

புள்ளிக்கு அல்ல, முதல் எண்டின் ஹெமருக்கு. நாணயம் சுண்டுவதற்குப் பதிலாக வைத்திருக்கும் முறை இது. ஒவ்வொரு அணியும் இரண்டு கல் விடும்: ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி, விடுபவர்களும் வெவ்வேறு ஆட்கள். நடுப்புள்ளியிலிருந்து இரண்டு கல்லின் தூரத்தையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தவருக்கு ஹெமர். ஹவுஸுக்குள் நிற்காத கல்லுக்கு 199.6 சென்ரிமீற்றர் என்று போட்டுவிடுவார்கள். ஸ்கோர் அட்டையில் எல்எஸ்டி என்று இருப்பது இதுதான்.

கணக்கு இப்படிப் போகும்: ஒரு அணியின் கற்கள் 12.4, 38.0 என்றால் மொத்தம் 50.4. எதிரணி முதல் கல்லை 3.1 இல் வைத்துவிட்டு இரண்டாவதைக் கோட்டை விட்டால் 202.7. முதல் கல் எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும் ஹெமர் போய்விட்டது. இந்தத் தூரங்களை மறந்துவிடாதீர்கள். அணிகள் சமநிலையில் முடிக்கும்போது மறுபடி எடுப்பார்கள். அது கீழே.

தகுதிகாண் போட்டி எண்டால் எதுக்குத் தகுதி? உலகக் கிண்ணத்துக்கோ, ஒலிம்பிக்குக்கோ?

இரண்டுக்கும் தனித்தனியே நடந்திருக்கின்றன. 2023 ஜூன், ஜூலையில் சிம்பாப்வேயில் நடந்த கிரிக்கெட் தகுதிகாண் போட்டி ஞாபகம் இருக்கும்: பத்து அணிகள், இந்தியாவில் நடந்த உலகக் கிண்ணத்துக்கு இரண்டே இடங்கள்; இலங்கையும் நெதர்லாந்தும் போனார்கள், மேற்கிந்தியத் தீவுகள் வீட்டில் இருந்தார்கள். கேர்லிங்கிலும் எலும்புக்கூடு அதுதான்.

உலக சம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கு 13 அணிகள், பெண்களுக்கு 13. கண்டப் போட்டிகளில் நேரடி இடம் தவறவிட்டவர்களுக்காக உலகத் தகுதிகாண் போட்டி 2019 இல் நியூசிலாந்தின் நேஸ்பியிலும், 2020 இல் பின்லாந்தின் லோயாவிலும் நடந்தது. ஒவ்வொரு பிரிவிலும் எட்டு அணிகள், இரண்டு இடங்கள். ஒலிம்பிக்கில் பிரிவுக்கு பத்து அணிகள்தான். அதற்கான கடைசித் தகுதிகாண் போட்டி ஒலிம்பிக்குக்கு முந்தைய டிசம்பரில் நடக்கும்: 2013 இல் ஜேர்மனியின் ஃபூஸன், 2017 இல் செக் குடியரசின் பில்சன், 2021 இல் நெதர்லாந்தின் லீயுவார்டன், 2025 இல் கனடாவின் கெலோனா.

கெலோனாவில நடந்தது எண்டால் ஏன் கனடா விளையாடேல்ல? சுவிஸும் இல்லையே?

ஏனென்றால் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மிலான்–கோர்டினா 2026 ஒலிம்பிக்கின் பத்து இடங்கள் இப்படிப் பிரிந்தன: போட்டியை நடத்தும் இத்தாலிக்கு ஒன்று, 2024, 2025 உலக சம்பியன்ஷிப் இரண்டிலும் பிடித்த இடங்களுக்கான புள்ளிகளைக் கூட்டி முதல் ஏழு நாடுகளுக்கு ஏழு, மீதி இரண்டு கெலோனாவில். கனடாவும் சுவிட்சர்லாந்தும் அந்த ஏழில் ஏற்கெனவே இருந்தார்கள். சொந்த நாட்டு அணி இல்லாத போட்டியைத்தான் கனடா நடத்தியது. அங்கே ஆண்களில் சீனாவும் அமெரிக்காவும், பெண்களில் ஜப்பானும் அமெரிக்காவும் இடம் பிடித்தார்கள்.

ஒவ்வொரு முறையும் இதே பங்கீடு இருக்காது. 2020 உலக சம்பியன்ஷிப் கொரோனாவால் நிறுத்தப்பட்டதால் பெய்ஜிங் 2022 க்கு ஒரே ஒரு ஆண்டின் முடிவை மட்டும் எடுத்து, 2021 இன் முதல் ஆறு நாடுகளுக்கு இடம் கொடுத்தார்கள். மீதி மூன்று இடங்கள் லீயுவார்டனுக்குப் போயின.

எட்டு அணி, ரெண்டு இடம். அப்ப அரையிறுதி, இறுதி எல்லாம் எப்பிடி?

முதலில் எல்லாரும் எல்லாரோடும் ஒரு தடவை ஆடுவார்கள். எட்டு அணிகள் என்றால் அணிக்கு ஏழு ஆட்டம், மொத்தம் 28. பிறகு முதல் மூன்று அணிகள் மட்டும் மிஞ்சும். முதலாமவரும் இரண்டாமவரும் மோதுவார்கள்; வென்றவருக்கு ஓர் இடம். தோற்றவர் வெளியேறுவதில்லை, மூன்றாமவரோடு ஆட வேண்டும், அதில் வெல்பவருக்கு இரண்டாவது இடம். நேஸ்பியிலும் லோயாவிலும் இப்படித்தான்.

மூன்று இடங்கள் இருந்த லீயுவார்டனில் கொஞ்சம் மாற்றம். ஒன்பது அணிகள். சுற்றில் முதலாவதாக வந்தவர் நேரே உள்ளே. இரண்டாமவர்–மூன்றாமவர் ஆட்டத்தில் வென்றவர் உள்ளே. தோற்றவர் நான்காமவரோடு ஆடி மூன்றாவது இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். கிண்ணமும் இல்லை, பதக்கமும் இல்லை. முதலிடத்தில் வந்தவருக்கும் கடைசி ஆட்டத்தில் தொங்கிப் பிடித்து வந்தவருக்கும் கிடைப்பது ஒரே நுழைவுச் சீட்டு.

ரெண்டு மூண்டு அணி ஒரே அளவு வெற்றியோட நிண்டால்? நெட் ரன் ரேட் மாதிரி ஏதும் இருக்கோ?

புள்ளி வித்தியாசம் பார்க்கவே மாட்டார்கள். 10–2 என்று வென்றாலும் 6–5 என்று வென்றாலும் ஒன்றுதான். முதலில் சமநிலையில் நிற்கும் அணிகளுக்கிடையே நடந்த ஆட்டங்களில் யார் வென்றார் என்று பார்ப்பார்கள். அதுவும் தீர்க்காவிட்டால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னே அளந்த எல்எஸ்டி தூரங்களின் சராசரி. மிக மோசமாகப் போன கல்லைப் போட்டியின் அளவைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ விலக்கிவிட்டு மீதியைச் சராசரி எடுப்பார்கள். இதற்கு டிஎஸ்சி என்று பெயர். குறைந்த தூரம் உள்ளவர் மேலே.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஏழு ஆட்டம் என்றால் 14 கற்கள். இரண்டாவது நாள் காலையில், ஆட்டமே தொடங்காத நேரத்தில், அரைத் தூக்கத்தில் விட்ட ஒரு கல் ஹவுஸைத் தாண்டிப் போனால் அதன் 199.6 ஆறாவது நாள் வந்து கழுத்தைப் பிடிக்கலாம். ஒன்று விலக்கப்படும், சரி. இரண்டாவதும் அப்படிப் போனால் சராசரி எழும்பிவிடும். அதனால்தான் ஹெமர் கைவிட்டுப்போனது உறுதியான பிறகும் இரண்டாவது கல்லை அவ்வளவு கவனமாக விடுகிறார்கள். தனி ஒரு கெட்டிக்காரரை வைத்து எல்லாவற்றையும் விடவும் முடியாது. அணிக்குள் மாறி மாறி விட வேண்டும். எங்கள் அபிப்பிராயத்தில் நெட் ரன் ரேட்டைவிட இது நியாயமானது: பலவீனமான அணியைப் போட்டு அடித்து நொறுக்குவதால் எதுவும் கிடைக்காது.

ஆம்பிளையளும் பொம்பிளையளும் ஒரே நாளிலயோ விளையாடுறவை?

ஒரே மண்டபத்தில், மாறி மாறி. நான்கு ஐஸ் தரை இருந்தால் எட்டு அணிகளும் ஒரே நேரத்தில் ஆடலாம். 28 ஆட்டம் ஏழு வேளையில் முடியும். இரு பிரிவுக்கும் 14 வேளை, நாளுக்கு மூன்று என்றால் சுற்று ஐந்து நாளுக்குள். ஒன்பது அணி என்றால் ஒவ்வொரு வேளையும் ஒரு அணி சும்மா இருக்கும். 36 ஆட்டம், பிரிவுக்கு ஒன்பது வேளை, ஆறு நாள்.

தகுதிகாண் வழியா, கடைசியா உள்ள வந்த அணி ஏதும் கிழிச்சிருக்கோ?

கிழித்திருக்கிறது. 2021 உலக சம்பியன்ஷிப்பில் ஸ்கொட்லாந்துப் பெண்கள் எட்டாமிடம். முதல் ஆறுக்கு மட்டுமே நேரடி இடம் என்பதால் ஈவ் மியூர்ஹெட் தலைமையிலான அணி டிசம்பரில் லீயுவார்டனுக்குப் போய்ச் சுற்றில் முதலிடம் பிடித்தது. ஜப்பான் இரண்டாவது இடத்தையும், லத்வியாவை வென்ற தென்கொரியா மூன்றாவது இடத்தையும் எடுத்தன. இரண்டு மாதம் கழித்து, 2022 பெப்ரவரி 20 அன்று பெய்ஜிங்கில் பெண்கள் இறுதி ஆட்டம்: பிரித்தானியா 10, ஜப்பான் 3. தங்கமும் வெள்ளியும் தகுதிகாண் வாசலால் வந்தவர்களுக்கு!

முதல்ல ஸ்கொட்லாந்து எண்டிறியள், பிறகு பிரித்தானியா எண்டிறியள்?

உலக சம்பியன்ஷிப்பில் ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் தனித்தனி. ஒலிம்பிக்கில் ஒரே அணி. ஒலிம்பிக் இடத்துக்கான கணக்கில் ஸ்கொட்லாந்தின் முடிவுகளே பிரித்தானியாவுக்காக எடுக்கப்படுகின்றன.

பத்து எண்ட் முடிய முன்னமே கைகுடுத்திட்டுப் போறாங்கள். காசு வாங்கிட்டாங்களோ?

இல்லை, தோல்வியை ஒப்புக்கொள்கிறார்கள். மீதமுள்ள கற்களால் எட்டிப்பிடிக்க வழியில்லை என்று தெரிந்தால் கைகொடுத்து முடித்துக்கொள்வது இந்த விளையாட்டில் மரியாதை. இழுத்தடிப்பதைத்தான் முகம் சுளித்துப் பார்ப்பார்கள். ஆனால் நினைத்த நேரத்தில் போக முடியாது: சுற்று ஆட்டத்தில் ஆறு எண்டாவது, தகுதி தீர்மானிக்கும் இறுதிக்கட்ட ஆட்டங்களில் எட்டு எண்டாவது முடிந்திருக்க வேண்டும். முன்னே சொன்னபடி புள்ளி வித்தியாசம் எதற்கும் உதவாது என்பதால், வென்றவருக்கும் மிச்ச எண்டுகளில் ஆசை இல்லை.

முன்னுக்கு நிக்கிற கல்லை ஏன் அடிச்சு வெளிய தள்ளாமல் சுத்தி வாறாங்கள்?

முதல் ஐந்து கல் முடியும்வரை அதைத் தள்ள அனுமதி இல்லை. ஹவுஸுக்கு வெளியே, முன்பக்கமாகக் காவலுக்கு நிறுத்திய எதிரணிக் கல்லை ஆறாவது கல்லுக்கு முன் ஆட்டத்திலிருந்து வெளியேற்றினால், அந்தக் கல்லைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அடித்த கல்லை எடுத்துவிடுவார்கள். இந்த விதி இல்லாதபோது முன்னிலை பெற்ற அணி வருகிற கல்லையெல்லாம் அடித்து அடித்தே ஆட்டத்தைத் தூங்கவைத்தது.

அப்படியானால் வெளியே தள்ளாமல் ஓரமாக நகர்த்தலாமே என்று கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கும் பூட்டு வந்துவிட்டது: நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் காவல் கல்லை அதே ஆறாவது கல்லுக்கு முன் கோட்டை விட்டு நகர்த்தவும் கூடாது. பின்தங்கிய அணிக்குக் கடைசி எண்டில் உயிர் இருப்பது இந்த இரண்டு விதியாலும்தான்.

நடுவர் ஒண்டும் செய்யிறதாத் தெரியேல்ல. ஆர் பிழை பிடிக்கிறது?

பிழை செய்தவரே. ஓடுகிற கல்லில் தன் காலோ தேய்ப்பானோ பட்டுவிட்டால் ஆட்டக்காரரே கையை உயர்த்திச் சொல்ல வேண்டும், சொல்வார்கள். கைப்பிடியில் மின்னுணரி இருக்கும் போட்டிகளில், கல்லை ஹொக் கோட்டுக்கு (இரு முனையிலும் ஹவுஸுக்கு முன்னே குறுக்காகப் போட்டிருக்கும் கோடு) முன்பே கைவிட்டாரா என்பதை அது பார்த்துக்கொள்ளும்: பச்சை விளக்கு சரி, சிவப்பு எரிந்தால் அந்தக் கல் போச்சு. மறுமுனை ஹொக் கோட்டை முழுதாகத் தாண்டாத கல்லும் எடுக்கப்படும். இரு கல்லில் எது அருகில் என்று கண்ணால் சொல்ல முடியாதபோதுதான் நடுவர் அளவுகோலோடு வருவார்.

அறிவிப்பாளர் 14 செக்கன், 15 செக்கன் எண்டு சொல்லி, நேரம் கூடினால் ஐஸ் ‘வேகம்’ எண்டுறார். பிழையாச் சொல்றாரோ?

சரியாகத்தான் சொல்கிறார். அளப்பது ஒரு ஹொக் கோட்டிலிருந்து மறு ஹொக் கோட்டுக்கு, ஏறக்குறைய 21.95 மீற்றர். ஹவுஸ் நடுவில் நிற்கப் போகும் கல்லுக்குத்தான் இந்த நேரம் பொருந்தும். உராய்வு குறைந்த ஐஸில் மெல்ல விட்டாலே கல் அங்கே போய்ச் சேரும். மெல்லப் போவதால் நேரம் கூடும். கனத்த ஐஸில் பலமாக விட வேண்டும். அதனால் நேரம் குறையும். எதிரணிக் கல்லை அடித்துத் தள்ளும் கல் 10 செக்கனுக்குள்ளேயே கூடப் போய்விடும், அது வேறு கணக்கு. கைப்பேசியில் நேரம் பிடித்துக்கொண்டு பாருங்கள். எண்ட் போகப் போக ஐஸ் மாறுவதை உங்களுக்கும் பிடிபடும்.

மாறுவதற்குக் காரணம், அது வழவழப்பான ஐஸ் அல்ல. ஆட்டத்துக்கு முன் முதுகில் தொட்டி கட்டிய ஒருவர் வெந்நீரைத் துளித்துளியாகத் தெளித்துக்கொண்டே பின்னோக்கி நடப்பார். துளிகள் உறைந்து ஆமணக்கு முத்து மாதிரிச் சிறு மேடுகளாகும். கல் ஓடுவது அந்த மேடுகளின் தலையில். தெளிக்காத தட்டையான ஐஸில் விட்டால் பாதி வழிகூடப் போகாது. கற்களும் தேய்ப்பான்களும் பட்டு மேடு தேயத் தேயக் கல்லின் ஓட்டமும் வளைவும் மாறும்.

ஸ்கோர் அட்டையில எக்ஸ் எண்டும் நட்சத்திரமும் கிடக்கு?

எக்ஸ் என்றால் ஆடாமல் விட்ட எண்ட். நட்சத்திரமோ சிறு சுத்தியல் படமோ முதல் எண்டின் ஹெமர் யாருக்கு என்பதைக் காட்டும். அதிலிருந்து நீங்களே ஒவ்வொரு எண்டாகக் கணக்கிட்டு வரலாம்: புள்ளி எடுத்தவர் ஹெமரைக் கொடுக்கிறார், 0 என்றால் மாறாது. ஹெமர் இல்லாதவர் பக்கத்தில் எண் விழுந்திருந்தால் அது ஸ்டீல்.

எங்கட நேரத்துக்கு எத்தினை மணிக்குப் பாக்கலாம்?

கெலோனா போன்ற கனடாவின் பசிபிக் பக்க ஊர்கள் 2025 டிசம்பரில் நமக்கு 13½ மணித்தியாலம் பின்னே இருந்தன. அங்கே காலை 9 எனில் இங்கே இரவு 10.30, பிற்பகல் 2 எனில் நமக்கு விடியற்காலை 3.30, இரவு 7 எனில் மறுநாள் காலை 8.30. நெதர்லாந்து, சுவிஸ், நோர்வே குளிர்காலத்தில் 4½ மணித்தியாலம் பின்னே, பின்லாந்து 3½. ரொறன்ரோவில் உள்ளவர் சொல்லும் நேரத்தை அப்படியே கெலோனா நேரமாக எடுக்காதீர்கள். 2025 டிசம்பரில் அவர்களுக்கிடையேயே மூன்று மணித்தியால வித்தியாசம் இருந்தது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

வெயில் நாட்டுக்காரர் இதை விளையாடி என்ன கிழிக்கேலும்?

2025 பெப்ரவரியில் சீனாவின் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கேர்லிங் தங்கம் பிலிப்பைன்ஸுக்கு. இறுதியில் தென்கொரியாவை 5–3 என வென்றார்கள். அந்த ஆட்டக்காரர்களில் பலர் சுவிட்சர்லாந்தில் ஆட்டம் பழகிய, பிலிப்பைன்ஸ் வேர் கொண்டவர்கள். அந்த நாட்டு அணி கெலோனாத் தகுதிகாண் போட்டி வரை வந்தது. ஒலிம்பிக் இடம் கிடைக்கவில்லை. இந்தியா, கட்டார், சவூதி அரேபியா, நைஜீரியா எல்லாம் உலக கேர்லிங் அமைப்பின் உறுப்பு நாடுகள்.

அப்ப சுவிஸில பிறந்த எங்கட பிள்ளையள் இலங்கைக்கு விளையாடலாமோ?

பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை இருந்தாலும் அது பாதிதான். தகுதிகாண் போட்டிக்கு வருவது தனி ஆட்டக்காரர் அல்ல, தேசிய சங்கம். அந்தச் சங்கம் உலக கேர்லிங் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். பிறகு கீழ்ப்பிரிவிலிருந்து ஏற வேண்டும். உலக சம்பியன்ஷிப் வகைப் போட்டிகளில் ஒரு நாட்டில் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு வசிப்பவரும் அந்த நாட்டுக்கு ஆடலாம், ஒலிம்பிக்கில் குடியுரிமை கட்டாயம். இந்தப் பக்கத்தில் பெயர் சொன்ன தகுதிகாண் போட்டிகள் எதிலும் இலங்கை அணி இருந்ததில்லை.

கொட்பேயில மீனுக்கு ஐஸ் அடிக்கிறம். ஒரு கேர்லிங் தரை போடேலாதோ?

உறைய வைப்பது சிரமமான பகுதி அல்ல. ஒரு தரைக்கு 228 சதுர மீற்றர். நான்கு சென்ரிமீற்றர் தடிப்புக்கு ஏறக்குறைய 9,100 லீற்றர் நீர், அதாவது ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்பது. அடியில் குளிர்திரவக் குழாய், அதற்கும் கீழே வெப்பம் ஏறாத படுக்கை. தகுதிகாண் போட்டி நடத்த இப்படி நான்கு வேண்டும்.

முதல் சிக்கல் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் கலந்த கிணற்று நீரில் நல்ல ஐஸ் வராது. கரைந்தவை உறையும்போது ஒதுங்கி, மேற்பரப்பு மெதுமையாகவும் ஒரே சீரில்லாமலும் ஆகும். போட்டித் தரைக்குத் தாதுக்கள் நீக்கிய நீர்தான் ஊற்றுகிறார்கள். கடலோரக் கிணறுகள் உள்ள ஊருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

உண்மையான எதிரி காற்றின் ஈரம். ஐஸின் மேற்பரப்பு ஏறக்குறைய −5 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றிலுள்ள நீராவி 20 பாகைக்கு மேலேயே பனித்துளியாகத் தொடங்கிவிடும். குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பது இதனால்தான். அந்தக் காற்று உள்ளே வந்தால் சிறு மேடுகளின் மேல் பூம்பனி படியும், கல் பாதியில் நிற்கும், தேய்ப்பவர் பனியைத்தான் தள்ளிக்கொண்டிருப்பார். ஆகவே ஐஸ் இயந்திரத்தைவிட ஈரம் நீக்கும் இயந்திரத்துக்கும், காற்றுப் புகாத கட்டடத்துக்கும், இரட்டைக் கதவுக்கும்தான் செலவு. ஒரு பிற்பகல் கரன்ட் போனால் ஐஸ் உருகாமல் தாங்கலாம், மேற்பரப்பு தாங்காது. சீவி, திரும்பத் தெளித்துத்தான் ஆட்டம்.

சரி, ஐஸ் வேண்டாம். பள்ளிக்கூட மண்டபத்தில பிள்ளையளுக்கு விளங்கப்படுத்த வழி இருக்கோ?

இருக்கு. அடியில் சிறு உருளைகள் பொருத்திய தரைக் கேர்லிங் கற்கள் விற்பனைக்கு உண்டு. அவை கிடைக்காவிட்டால் அடியில் கம்பளித் துணி ஒட்டிய, ஒரே பாரமுள்ள தட்டையான மூடிகளோ தட்டுகளோ போதும். மெருகேற்றிய சீமெந்துத் தரையில் வழுக்கும். நடுப்புள்ளியில் ஒருவர் கயிற்று முனையைப் பிடிக்க, மற்றவர் 1.83, 1.22, 0.61 மீற்றர், கடைசியாக 15 சென்ரிமீற்றர் என்று சோக்கால் நான்கு வட்டம் போடலாம். முழுத் தூரம் வேண்டாம், 15 மீற்றர் தாராளம். அணிக்கு எட்டுக்குப் பதிலாக நான்கு கல், நான்கு எண்ட்.

இதில் கல் வளையாது, தேய்த்தும் பயனில்லை. ஆகவே ஹெமர், காவல் கல், வெறுமை எண்ட் ஆகிய மூன்றை மட்டும் கற்றுக்கொடுக்கலாம். ஆட்டத்துக்கு முன் இரண்டு கல் விட்டு அளந்து ஹெமர் கொடுப்பதைத் தவறவிடாதீர்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் பகுதி அதுதான். கெடுப்பது மணல். டச்சு வளைகுடாப் பக்கத்திலிருந்து சப்பாத்தோடு வந்த ஒரு பிள்ளை போதும், நான்கைந்து மணிகள் தரையில் கிடந்தால் நேராகப் போகும் கல் தடக்கித் திரும்பிவிடும். ஒவ்வொரு எண்டுக்கும் முன் தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தும்புத்தடி மணலை இடம் மாற்றுமே தவிர முழுதாக எடுக்காது.